வாங்கிய கருத்துக்குப் பதில் தாருங்கள்: தமிழ்நாட்டுப் பொழுதுபோக்குப் பூங்கா நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். கோடை விடுமுறையிலும் காணும் பொங்கலன்றும் உங்கள் வாயில்களில் திரள்பவர்களில் பலர், ஒரு நாள் மகிழ்ச்சிக்காக மாதக்கணக்கில் பணம் சேர்த்து வருபவர்கள். மாலையில் அவர்கள் வெளியேறும்போது ஒரு கருத்துப் படிவத்தை நீட்டுகிறீர்கள். அல்லது கியூஆர் குறியீட்டைக் காட்டி, ஐந்து நட்சத்திரம் போடும்படி கேட்கிறீர்கள். ஈரத் துணிப் பையும் தோளில் உறங்கும் குழந்தையுமாகப் பேருந்தைப் பிடிக்க விரைபவர், ‘நன்று’ என்ற கட்டத்தில் ஒரு குறி போட்டுவிட்டுப் போகிறார். அந்தக் குறியைக் கொண்டு எந்த ராட்டினத்தையும் எந்தக் கழிப்பறையையும் சீர்செய்ய இயலாது. கருத்தைக் கேட்கும் முறையையும், கேட்டபின் பதில் சொல்லும் முறையையும் நீங்கள் மாற்ற வேண்டும் என்று கோரவே இதை எழுதுகிறேன்.

வெயிலில் நீளும் ஒரு வரிசையைப் பாருங்கள். முக்கால் மணி நேரம் கம்பித் தடுப்பைப் பிடித்தபடி நகர்ந்து வந்த சிறுவன், ராட்டினத்தில் ஏறும் இடத்தில் உள்ள அளவுகோலுக்குக் கீழே நிறுத்தப்படுகிறான். இரண்டு விரற்கடை உயரம் குறைவு என்று பணியாளர் தலையசைக்கிறார். விதி சரியானது, அதைத் தளர்த்தும்படி எவரும் கேட்கக் கூடாது. ஆனால் அதே அளவுகோலை வரிசையின் தொடக்கத்திலும் நட்டுவைத்திருந்தால், அந்தச் சிறுவன் அழுதுகொண்டே கூட்டத்தை விலக்கித் திரும்பி நடக்க வேண்டியிருந்திருக்காது. இந்தக் குறையை வெளிவாயிலில் எவரும் எழுதுவதில்லை, ஏனெனில் அதற்குள் பல மணி நேரம் கடந்துவிடுகிறது. அந்த இடத்திலேயே, அந்த நேரத்திலேயே கேட்டால் மட்டுமே அது உங்கள் காதுக்கு எட்டும். ராட்டினத்தை இயக்கும் பணியாளருக்கோ அது நாள்தோறும் தெரியும். அவர் கேட்டதை எழுதிவைக்க ஒரு குறிப்பேடு தருவதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

பெரிய நிறுவனங்களும் இதைப் பட்டுத்தான் கற்றன. 1992 ஏப்ரல் 12 அன்று பாரிஸ் அருகே டிஸ்னி நிறுவனத்தின் யூரோ டிஸ்னி பூங்கா திறக்கப்பட்டபோது, அந்நிறுவனத்தின் அமெரிக்கப் பூங்கா வழக்கப்படி உள்ளே மது பரிமாறப்படவில்லை. மதிய உணவோடு ஒயின் அருந்திப் பழகிய பிரெஞ்சு மக்களுக்கு அது விளங்காத தடையாக இருந்தது. ஐரோப்பியர் காலை உணவைப் பெரிதாகக் கருதுவதில்லை என்று நம்பி விடுதி உணவகங்களைச் சிறிதாக அமைத்திருந்தார்கள். வந்தவர்களோ முழுமையான காலை உணவு கேட்டு வரிசையில் நின்றார்கள். நண்பகலில் எல்லோரும் ஒரே நேரத்தில் உணவகங்களை மொய்த்தார்கள். 1993இல் மதுத்தடை தளர்ந்தது. 1994இல் பெயரே டிஸ்னிலேண்ட் பாரிஸ் என மாறியது. வருகையாளர் தம் பழக்கத்தை மாற்றிக்கொள்ளட்டும் என்று காத்திராமல் பூங்கா தன் ஏற்பாட்டை மாற்றிக்கொண்டது என்பதையே இதில் நான் முதன்மையாகக் காண்கிறேன். நம் ஊரிலும், கைக்குழந்தைக்கான உணவு வாயிலில் தடுக்கப்படும்போதும், நீர் விளையாட்டுக்கான உடை விதியை உள்ளே வந்தபிறகே பெண்கள் அறிய நேரும்போதும், இதே கேள்விதான் எழுகிறது. நைலான் உடை ஏன் தேவை என்பதற்குப் பாதுகாப்பும் நீரின் தூய்மையும் காரணங்களாக இருக்கின்றன. அவற்றை டிக்கெட் பதிவு செய்யும்போதே தமிழில் சொல்லிவிட்டால் பாதி மனக்கசப்பு தீர்ந்துவிடும்.

எழுதாதவர்களின் குரலையும் தேடிச் செல்லுங்கள். உடை மாற்றும் அறையின் தாழ்ப்பாள் பழுதாகியிருப்பதை ஒரு பெண் ஆண் மேலாளரிடம் சொல்லத் தயங்குவார். அங்கே ஒரு பெண் பணியாளர் இருந்து கேட்டால் சொல்வார். ராட்டினத்தில் ஏறாமல் நாள் முழுவதும் பைகளுக்குக் காவல் இருக்கும் பாட்டிக்கு நிழலும் இருக்கையும் குடிநீரும்தான் பூங்கா. சக்கர நாற்காலியில் வருபவர் எந்தச் சரிவுப் பாதையில் தடுக்கி நிற்கிறார் என்பதை அவருடனேயே ஒரு சுற்று நடந்து பார்த்தால்தான் அறிய முடியும்.

எல்லாக் கருத்தையும் ஒரே கூடையில் போடுவதும் ஆபத்து. 2025 மே மாதம் சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பூங்கா ஒன்றில் ராட்டினம் அந்தரத்தில் நின்றுவிட, அதிலிருந்த முப்பதுக்கும் மேற்பட்டோரைத் தீயணைப்புத் துறையினர் மீட்டதை நாடே பார்த்தது. உணவின் சுவை பற்றிய புகார் மாதக் கூட்டம் வரை காத்திருக்கலாம். ‘பெல்ட் சரியாகப் பூட்டவில்லை’, ‘வழக்கத்துக்கு மாறான சத்தம் கேட்கிறது’ என்று ஒருவர் சொன்னால், அந்த ராட்டினத்தை அப்போதே நிறுத்திப் பொறியாளர் பார்க்க வேண்டும். நிறுத்தும் அதிகாரம் அதை இயக்கும் பணியாளருக்கே இருக்க வேண்டும். வருமானம் குறையும் என்ற அச்சத்தில் அவர் மேலிட உத்தரவுக்குக் காத்து நிற்கும் நிலை ஏற்படவே கூடாது.

உங்களிடம் நான் வேண்டுவது இதுதான். வருகையாளர் மிகுதியாகச் சொன்ன குறைகள் எவை, அவற்றில் எவற்றைச் சரிசெய்தீர்கள், எவற்றைச் செய்ய இயலவில்லை, ஏன் இயலவில்லை என்று மாதந்தோறும் நுழைவாயிலில் தமிழில் எழுதிவையுங்கள். ‘இயலாது, காரணம் இது’ என்ற பதிலையும் மக்கள் ஏற்பார்கள். பதிலே வராதபோதுதான் அடுத்த முறை படிவத்தை மடித்துக் குப்பைத் தொட்டியில் போடுகிறார்கள். வரும் கோடை விடுமுறைக்கு முன் முதல் பலகையை வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பூங்காக்களுக்குக் குடும்பத்தோடு வரும் ஒருவர்