மெர்சண்டைசிங், அக்கவுண்ட்ஸ் பிரிவினர் கவனத்துக்கு: சாட்ஜிபிடி பயன்படுத்துவது பற்றி

எல்லோருக்கும் வணக்கம். நம் ஆடைகளை வாங்கும் வெளிநாட்டுப் பையர்களுக்கு மெயில் எழுத நம்மில் பாதிப்பேர் சாட்ஜிபிடியோ ஜெமினியோ வைத்துக்கொண்டுதான் வேலை பார்க்கிறோம். அதில் தப்பில்லை, நிறுத்தச் சொல்லவும் இல்லை. ஆனால் எதை உள்ளே போடலாம், எதைப் போடக்கூடாது என்பதில் திங்கள் முதல் எல்லோருக்கும் ஒரே முறைதான்.

பையர் அனுப்பும் டெக் பேக் (ஆடையின் வடிவமைப்பு, அளவு விவரங்கள்), நம் காஸ்டிங் ஷீட் (செலவு, விலைக் கணக்கு), தொழிலாளர்களின் ஆதார், பி.எஃப்., வங்கி விவரம் எதுவும் உங்கள் சொந்தக் கணக்கில் உள்ள செயலியில் ஏறக்கூடாது. ஸ்கிரீன்ஷாட்டும் கூடாது. டெக் பேக் நம்முடையதே இல்லை. வெளியே விடமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டுத்தான் வாங்குகிறோம். 2023இல் ஊழியர்கள் மென்பொருள் நிரலை சாட்ஜிபிடியில் ஒட்டியது தெரிந்ததும், சாம்சங் இந்த மாதிரி செயலிகளுக்கே தடை போட்டது. அவ்வளவு தூரம் போக எனக்கு விருப்பமில்லை.

மெயிலைத் திருத்த வேண்டுமா? பையர் பெயர், ஸ்டைல் நம்பர், விலையை எடுத்துவிட்டுக் கொடுங்கள். வந்ததை அப்படியே அனுப்பாதீர்கள். 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) என்பது 160 ஆகிப் போயிருந்தால், இங்கிலீஷ் எவ்வளவு அழகாக இருந்தாலும் பையர் கேட்கும் நஷ்டஈட்டு கிளெய்ம் நம் தலையில்தான். ஜிஎஸ்எம், துணிக் கலவை, ஷிப்மெண்ட் தேதி மூன்றையும் பையரின் ஆர்டர் தாளான பிஓவோடு வைத்துப் பார்த்த பிறகே அனுப்புங்கள். எச்எஸ் கோடு (சுங்கத்துக்கான சரக்கு வகை எண்), டிராபேக் (ஏற்றுமதிக்குத் திரும்பக் கிடைக்கும் வரி) விகிதம் செயலியிடம் கேட்கவே வேண்டாம். கஸ்டம்ஸ் ஏஜெண்டிடம் கேளுங்கள். சலித்துக்கொள்வார், ஆனால் சரியாகச் சொல்வார்.

அப்புறம், ஏற்கெனவே ஏதாவது போட்டிருந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். திட்டமாட்டேன். ஆபீஸ் பெயரில் கட்டணக் கணக்கு வாங்கலாமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அதுவரை இதுதான் முறை.