ரீஸும் சாண்டர்சனும் ஒரே ஆள்தான்: ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

டெக்னோ என்ற மின்னணு நடன இசைக்காரர்களின் புனைபெயர்கள் எப்படி வந்தன என்று நான் தொகுத்த சிறுநூல் போன வாரம் அச்சாகி வந்துவிட்டது. அட்டையில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. புனைபெயர்களைப் பற்றிய புத்தகத்தில் இது கொஞ்சம் அநியாயம். அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி மிஷிகனில் கார் கம்பெனியில் வேலை பார்க்கும் அத்தானுக்கு. இளையராஜாவைத் தவிர வேறு யாரையும் காசு கொடுத்துக் கேட்காத மனிதர். எனக்காக பிப்ரவரிப் பனியில் மூன்று சனிக்கிழமை டெக்னோ பிறந்த டெட்ராய்ட்டுக்கு வண்டியை எடுத்தார். ஈஸ்டர்ன் மார்க்கெட் பக்கம் கிராஷியட் அவென்யூவில் எண்பதுகளில் மூன்று லேபிள்கள், அதாவது இசைத்தட்டு வெளியிடும் கம்பெனிகள், பக்கத்துப் பக்கத்தில் இயங்கின. ஹுவான் அட்கின்ஸின் மெட்ரோபிளெக்ஸ், டெரிக் மேயின் டிரான்ஸ்மாட், கெவின் சாண்டர்சனின் கேஎம்எஸ். அந்தத் தெருவைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு அத்தான் கேட்டார்: “மாப்ளே, கேஎம்எஸ்னா என்ன?”

கெவின் மொரீஸ் சாண்டர்சன் என்று தட்டச்சு செய்யும்போதே எனக்கு வியர்த்துவிட்டது. மொரீஸின் வால்தான் ரீஸ்! நானோ ‘ரீஸ்’ என்று தனியாக ஓர் ஆள் இருப்பதாக நினைத்து இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். பாரிஸ் கிரேயோடு சேர்ந்து ‘இன்னர் சிட்டி’ என்ற பெயரில் 1988-இல் ‘பிக் ஃபன்’ பாட்டைத் தந்தவரும், அதே ஆண்டு ‘ரீஸ்’ என்ற பெயரில் அந்த இருட்டான, உறுமும் பேஸ் (அடித்தொண்டை போன்ற தாழ்ந்த) ஒலியைத் தந்தவரும் ஒருவரே. பின்னால் லண்டனில் ஜங்கிள் என்ற வேகமான நடன இசையைச் செய்தவர்கள் அந்த ஒலியை எடுத்து ஆண்டார்கள். இன்று ‘ரீஸ் பேஸ்’ என்பது ஓர் ஒலிவகையின் பெயர். அதற்குள் ஒரு மனிதரின் நடுப்பெயர் ஒளிந்திருப்பது அதைப் பயன்படுத்தும் பலருக்குத் தெரியாது. அந்த இரண்டு பக்கமும் குப்பைக்குப் போயின. நன்றி அத்தான்.

அடுத்து, பெங்களூரில் இசைத்தட்டு சேர்க்கும் நண்பருக்கு. தட்டுகளை யாருக்கும் இரவல் தர மாட்டார், நாம்தான் போக வேண்டும். பாட்டு முடிந்து, தட்டின் நடுவில் ஒட்டிய காகித லேபிளுக்கு முன்னால் வழுவழுப்பாக ஒரு வளையம் இருக்கும் அல்லவா, அதில் செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துக் காட்டினார். ஊசியால் கீறியது போல ‘என்எஸ்சி’ என்ற எழுத்துகள். டெட்ராய்ட் தட்டுகள் பலவற்றுக்கு அச்சுக்கு முன் ஒலிப்பள்ளத்தை வெட்டிக் கொடுத்த ரான் மர்ஃபியின் முத்திரை அது. நேஷனல் சவுண்ட் கார்ப்பரேஷன் என்பதன் சுருக்கம். லேபிளில் எத்தனை புனைபெயர் மாறினாலும் வளையத்தில் அவர் கை மட்டும் மாறவில்லை. அவர் 2008-இல் காலமானார்.

அப்புறம், டர்ன்டேபிளின் வேகக் கட்டையைக் கடைசி வரை தள்ளி, “இதுதான் பிளஸ் எயிட்” என்றார். வேகத்தை எட்டு சதவீதம் கூட்டும் அந்த எல்லைதான், டெட்ராய்ட் ஆற்றுக்கு அக்கரையில் கனடாவின் விண்ட்சரில் ரிச்சி ஹாட்டினும் ஜான் அக்குவாவிவாவும் 1990-இல் தொடங்கிய லேபிளுக்குப் பெயர். பத்து பக்கம் படித்துப் புரியாதது ஒரு தள்ளலில் புரிந்தது.

மெய்ப்புப் பார்த்த தமிழாசிரியர் அய்யாவுக்கு டெக்னோ என்றால் தலைவலி. ஆனால் “ஓர் ஆளுக்கு எதற்கு இத்தனை பெயர்?” என்ற அத்தியாயத்தைக் காப்பாற்றியவர் அவர்தான். “கல்கி சங்கீத விமர்சனத்துக்கு ‘கர்நாடகம்’ என்று பெயர் வைத்துக்கொள்ளவில்லையா? வேலைக்கு ஒரு பெயர், அவ்வளவுதான்” என்றார். அட்கின்ஸுக்கு அது அப்படியே பொருந்தியது. ரிக் டேவிஸோடு சேர்ந்தபோது ‘சைபோட்ரான்’, தனியாக 1985-இல் ‘நோ யுஎஃப்ஓஸ்’ வெளியிட்டபோது ‘மாடல் 500’. இனமும் ஊரும் ஒட்டாத, மெஷின் மேல் எழுதியிருப்பது மாதிரியான பெயர். ‘டிரெக்ஸியா’ என்ற பெயரில் இசைத்த டெட்ராய்ட் இரட்டையரோ முகத்தையே காட்டவில்லை. கடலில் வீசப்பட்ட கர்ப்பிணி அடிமைப் பெண்களின் பிள்ளைகள் நீருக்கடியில் வாழ்கிறார்கள் என்று 1997-இல் வந்த ‘தி குவெஸ்ட்’ தொகுப்பில் ஒரு கதையை மட்டும் தந்தார்கள். அதைப் பற்றி நான் நீட்டி முழக்கியிருந்த ஒன்றரைப் பக்கத்தை அய்யா சிவப்பு மையில் ஒரே கோடாக அடித்தார். அப்போது கோபம் வந்தது. இப்போது இல்லை.

கடைசியாக, டிடிபி செய்த தங்கைக்கு. டெரிக் மேயின் ‘ரிதிம் இஸ் ரிதிம்’ என்ற பெயரைப் பிழை என்று நினைத்து எல்லா இடத்திலும் ‘ரிதம்’ ஆக்கிவிட்டார். வேண்டுமென்றே கோணலாக எழுதிய பெயர் அது என்று சொன்னதும், ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டார். ஒன்று மட்டும் தப்பிவிட்டது, 43-ஆம் பக்கம். பரவாயில்லை, இருக்கட்டும்.

அத்தான், ஒரு விஷயம். அட்கின்ஸ், மே, சாண்டர்சன் மூவரும் படித்த, டெட்ராய்ட் பக்கத்து ஊரான பெல்வில் பள்ளிக்கூடத்தின் படம் இன்னும் வரவில்லை. பனி உருகிய பிறகு போனால் போதும், அக்காவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.