அக்பாலா என்று ஒரு சொல்

அன்புள்ள கதிர் தம்பிக்கு,

மருமகள் வேலைக்குத் திரும்பிவிட்டாள், பாப்பாவைப் பார்த்துக்கொள்ள நீ இரண்டு மாதம் லீவு போட்டிருக்கிறாய் என்று சொன்னபோது போனில் நான் பேசாமல் இருந்துவிட்டேன். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. அதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

அந்த வாரம் நீ அலமாரியில் விட்டுப்போன 'சிதைவுகள்' நாவலை எடுத்தேன். நைஜீரியாவின் இக்போ மக்களைப் பற்றிச் சினுவா அச்செபே 1958இல் எழுதியது. ஊரில் கௌரவமான பட்டம் எதுவும் வாங்காத ஆணை அங்கே 'அக்பாலா' என்பார்கள். அந்தச் சொல்லுக்குப் பெண் என்றும் பொருள். கதாநாயகன் ஒக்கொங்வோவின் அப்பா புல்லாங்குழல் வாசிப்பவர், ஊரெல்லாம் கடன். சிறுவயதில் ஒக்கொங்வோவோடு விளையாடிய பையன் அவரை அக்பாலா என்று சொல்லிவிடுகிறான். அதற்குப் பயந்தே ஒக்கொங்வோவின் வாழ்க்கை போகிறது. மல்யுத்தம், போர், களஞ்சியம் நிறைய வள்ளிக்கிழங்கு. வள்ளி ஆண்களின் பயிராம், மரவள்ளி பெண்களுடையதாம்.

இக்கெமெஃபுனா மூன்று வருடம் ஒக்கொங்வோ வீட்டில் வளர்ந்த பையன், அவனை அப்பா என்று கூப்பிட்டவன். அந்தப் பையனைக் கொல்லும்படி தெய்வவாக்கு வருகிறது. 'நீ இதில் கை வைக்காதே' என்று ஊர்ப் பெரியவர் தடுத்தும் ஒக்கொங்வோ கூடவே போகிறான். முதல் வெட்டு விழுந்ததும் பையன் 'அப்பா' என்று கத்திக்கொண்டு இவனிடம்தான் ஓடி வருகிறான். கோழை என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் இவனே வெட்டிச் சாய்க்கிறான். அதற்கு மேல் அன்று என்னால் படிக்க முடியவில்லை.

அப்பாயி இறந்த அன்று உனக்குப் பத்து வயது. திண்ணையில் உட்கார்ந்து விம்மினாய். சொந்தக்காரர்கள் பார்க்கிறார்களே என்று உன் தோளை அழுத்தி, 'ஆம்பளப் பிள்ளை அழக்கூடாது' என்றேன். சட்டென்று நிறுத்திவிட்டாய். அப்புறம் நீ அழுது நான் பார்த்ததே இல்லை. அன்று எனக்கு வந்ததும் அதே பயம்தான், தம்பி.

அதே நாவலில் இன்டுலுவே என்றொரு முதியவர் வருகிறார். இளமையில் ஊரைப் போருக்கு நடத்திப் போனவர், ஆனால் மனைவி ஒஸோயெமெனாவிடம் சொல்லாமல் எதுவும் செய்யமாட்டார். இருவருக்கும் ஒரே மனசு என்று ஊர் சொல்லும். அவரைப் பலசாலி என்று நினைத்தேனே என்கிறான் ஒக்கொங்வோ. பலசாலிதான் என்கிறான் நண்பன். ஒக்கொங்வோவுக்கு நம்பிக்கை வரவில்லை. எனக்கு வந்தது.

அடுத்த மாதம் அங்கே வருகிறேன். உன்னை நான் ஒருநாள்கூடக் குளிப்பாட்டியதில்லை. பாப்பாவின் தலையை எப்படித் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று நீதான் காட்டித்தர வேண்டும்.

அன்புடன்,
அப்பா