கோப்பில் கை வைப்பது ஏஐ அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செயற்கை நுண்ணறிவு நிரல் எழுதுவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தால், மொழி மாதிரியே (சாட்பாட்களுக்குப் பின்னால் இருந்து உரை எழுதும் ஏஐ) நிரல் உள்ள கோப்பைத் திறந்து திருத்துகிறது என்று தோன்றும். அப்படியில்லை. மாதிரி தருவது வெறும் உரை. ‘இந்த வரிகளை எடு, இவற்றை வை’ என்று அது சொல்ல, கோப்பில் கை வைப்பது வேறொரு சாதாரண நிரல். பல கோளாறுகள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கின்றன.

கோப்பு முழுவதையும் திரும்ப எழுதச் சொல்வது எளிய வழி. சிறிய கோப்புக்குச் சரி. 2,000 வரிக் கோப்பில் ஒரு வரியை மாற்ற அத்தனையையும் மறுபடி எழுத வேண்டும். நேரமும் டோக்கனும் (மாதிரி எழுதும் உரையின் அளவு) வீண் என்பதோடு, நடுவில் ‘மீதி நிரல் முன்போலவே’ என்று ஒரு கமென்ட் (கணினி ஓட்டாத குறிப்பு வரி) போட்டுவிட்டு மாதிரி அடுத்ததற்குப் போய்விடுவதும் உண்டு. கவனிக்காமல் சேமித்தால் அந்த மீதி நிரல் போனதுதான்.

மாறிய வரிகளை மட்டும் காட்டும் ‘டிஃப்’ வடிவத்தில் வேறு சிக்கல். மாற்றம் எந்த வரியில் தொடங்குகிறது, எத்தனை வரி என்று முதலிலேயே எண் போட வேண்டும். தொடக்க எண் சற்றுத் தள்ளியிருந்தால் டிஃப்பைக் கோப்பில் பொருத்தும் ‘பேட்ச்’ கருவி சரியான இடத்தைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். ஏழு வரி என்று சொல்லி எட்டு வரி கொடுத்தால் சிக்கல்தான். எண்ணுவதில்தான் மாதிரிகள் சறுக்குகின்றன.

ஆகவே இன்று பல கருவிகள் ‘தேடி மாற்று’ முறையையே பயன்படுத்துகின்றன. பழைய வரிகளை மாதிரி அப்படியே எடுத்துக்காட்ட வேண்டும். அவை கோப்பில் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்க வேண்டும். டேப் இருக்குமிடத்தில் நான்கு ஸ்பேஸ் வந்தால் பொருந்தாது. நிரலில் ஒரு மதிப்புக்கு வைத்த பெயரில் (மாறி) உள்ள எழுத்துப்பிழையை மாதிரி ‘சரிசெய்து’ எடுத்துக்காட்டினாலும் பொருந்தாது. தமிழ்ச் சொற்கள் உள்ள கோப்புகளில் இன்னொன்று: ‘கொ’வில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு.

பொருந்தவில்லை என்று பிழை வந்தால் நல்லதே. கோப்பை மறுபடி படித்துவிட்டு முயலலாம். பிழையே வராமல் தவறாகப் பொருந்துவதுதான் பயம். இடைவெளிகளைக் கண்டுகொள்ளாமல் பொருத்தும் கருவிகள் பைத்தான் மொழியில் விபரீதம் செய்யும்; ஒரு வரி எதற்கு உள்ளே இருக்கிறது என்பதை அங்கே முன்னால் விடும் இடைவெளிதான் சொல்கிறது. திரும்பத் திரும்ப ஓடும் ஃபார் சுழலுக்கு வெளியே இருக்க வேண்டிய, விடையைத் திருப்பித் தரும் ரிட்டர்ன் வரி நான்கு ஸ்பேஸ் உள்ளே தள்ளிப்போனால், முதல் சுற்றிலேயே விடை திரும்பிவிடும். நிரல் ஓடும், விடை தப்பு.

திருத்தச் சொல்லும் முன், மாற்றங்களைப் பதிவு வைக்கும் ‘கிட்’ மென்பொருளில் கமிட் செய்துகொள்ளுங்கள், அதாவது இப்போதைய நிலையைப் பதிந்துகொள்ளுங்கள். முடிந்தபின் மாதிரி எழுதித் தரும் சுருக்கத்தை நம்பாமல் டிஃப்பைப் பாருங்கள். மூன்று வரி கேட்ட இடத்தில் கோப்பு முழுவதும் மாறியதாகக் காட்டினால், வரி முடிவுக் குறி மாறியிருக்கலாம், அல்லது நிரலின் அமைப்பைத் தானே சீராக்கும் ஃபார்மேட்டர் ஓடியிருக்கலாம். நிரல் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் டெஸ்ட் கோப்புகளில் வந்த மாற்றத்தைத் தனியாகப் பாருங்கள்: நிரலைச் சரிசெய்வதற்குப் பதில், எதிர்பார்க்கும் விடையையே மாற்றி டெஸ்டைத் தேற்றிவிடும் பழக்கம் இந்த மாதிரிகளுக்கு உண்டு.

இப்படிக்கு,
மென்பொருள் துறை வாசகர்