கலிவர் யாருடைய கண்ணால் பார்க்கிறான்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் சிறுவர்களுக்கான வாசிப்புப் பட்டியலில் ஜோனதன் ஸ்விஃப்டின் 'கலிவரின் பயணங்கள்' இருந்தது கண்டு மகிழ்ந்தேன். ஆனால் குள்ளர் நாடு, ராட்சதர் நாடு இரண்டோடு அறிமுகம் முடிந்துவிட்டது. 1726இல் வெளிவந்த அந்த நாவலில் பயணங்கள் நான்கு. நான்காவதைப் படிக்காமல் விட்டால் முதல் இரண்டின் கனமே தெரியாது என்பது என் உறுதியான எண்ணம்.

குள்ளர் நாடான லில்லிபுட்டில் கலிவரின் சட்டைப்பைகளைச் சோதனை போட்டு அதிகாரிகள் பட்டியல் எழுதுகிறார்கள். கைக்குட்டை அவர்களுக்கு அரசவை மண்டபத்தில் விரிக்கும் அளவுக்குப் பெரிய முரட்டுத்துணி. கடிகாரத்தைக் கேட்காமல் பெரும்பாலும் எதுவும் செய்வதில்லை என்று அவனே சொன்னதால், அது அவன் கும்பிடும் தெய்வமாக இருக்கும் என்று முடிவு கட்டுகிறார்கள். அப்புறம் அவன் மேல் துரோகக் குற்றம் சாட்டப்படும்போது, உயிரை எடுக்காமல் கண்களை மட்டும் குருடாக்கலாம் என்று ஓர் அமைச்சர் யோசனை சொல்கிறார். அதற்கு அவர் சொல்லும் நியாயம்தான் நாவலின் மையம் என்று நினைக்கிறேன்: இனி அமைச்சர்களின் கண்ணால் பார்த்தால் போதும், பெரிய அரசர்களே அப்படித்தான் பார்க்கிறார்கள்! அந்தத் தண்டனையிலிருந்து கலிவர் தப்பித்து ஓடிவிடுகிறான். ஆனால் அடுத்தடுத்த பயணங்களில், யாரும் விதிக்காமலேயே, அதே தண்டனை அவனுக்கு நிறைவேறுகிறது.

ராட்சதர் நாட்டில் ஒரு விவசாயி அவனை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காசுக்குக் காட்டுகிறான். உடம்பு தேய்ந்து எலும்பும் தோலுமான பிறகு ராணியிடம் விற்றுவிடுகிறான். ராணி அவனைக் கையில் ஏந்திக் கண்ணாடி முன் நிற்கும்போது, தான் உண்மையிலேயே சுருங்கிப்போய்விட்டதாக அவனுக்குத் தோன்றத் தொடங்குகிறது. பார்ப்பவர்களின் கண் அவனுக்குள் குடியேறுவது அங்கேதான். இங்கிலாந்து திரும்பியதும் வழியில் வருகிறவர்களை மிதித்துவிடுவோமோ என்று பயப்படுகிறான், சொந்த வீட்டு வாசலில் தலை இடிக்குமென்று குனிகிறான்.

நான்காம் பயணத்தில் அறிவுள்ள குதிரைகள் ஆள்கின்றன. அங்கே மனித உருவில் இருக்கும் யாஹூக்கள் வெறும் விலங்குகள். கலிவரும் ஒரு யாஹூதான் என்று குதிரைகள் சொல்ல, அவனும் மெல்ல மெல்ல அதை ஏற்றுக்கொள்கிறான். தண்ணீரில் தெரியும் தன் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் திரும்பிக்கொள்கிறான். யாஹூக்களைப் பூண்டோடு அழிக்கலாமா என்று குதிரைகளின் சபை விவாதிப்பதைக் கொஞ்சமும் பதறாமல் விவரிக்கிறான். யாஹூத் தோல் போர்த்திய படகில்தான் அந்த நாட்டைவிட்டே கிளம்புகிறான். எத்தனை முறை படித்தாலும் எனக்கு உடல் கூசும் பகுதி இது.

1715 டிசம்பரில் வீடு சேர்கிறான். ஆசையோடு மனைவி கட்டிக்கொண்டதும் மயங்கி விழுகிறான். பிறகு இரண்டு குதிரைகளை வாங்கி, தினமும் நான்கு மணி நேரம் அவற்றோடு பேசிக்கொண்டிருக்கிறான். பிள்ளைகளின் வாடைகூடத் தாங்க முடியவில்லை.

இதையெல்லாம் வைத்து ஸ்விஃப்ட் மனிதகுலத்தையே வெறுத்தவர் என்று சொல்லும் விமர்சகர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஊர் திரும்பும் வழியில் கலிவரைக் காப்பாற்றும் போர்த்துக்கீசியக் கப்பல் தலைவர் பெட்ரோ டி மெண்டஸை அவர்கள் எப்படி மறந்தார்கள்? சோறு போட்டு, உடுப்புக் கொடுத்து, லிஸ்பனில் தன் வீட்டிலேயே தங்கவைக்கும் அந்த நல்ல மனிதரின் அருகில் நிற்கவே கலிவர் அருவருக்கிறான். கடலில் குதிக்கக்கூடப் பார்க்கிறான். அவரை அங்கே நிறுத்தியவர் ஸ்விஃப்ட். மெண்டஸ் நல்லவர் என்பது நமக்குத் தெரிகிறது, கலிவருக்குத்தான் தெரியவில்லை. நாடுகளையும் தொழில்களையும் கூட்டங்களையும்தான் வெறுக்கிறேன், தனி மனிதர்களை நேசிக்கிறேன் என்று 1725இல் கவிஞர் அலெக்சாண்டர் போப்புக்கு எழுதியவர் ஸ்விஃப்ட். அவர் வேறு, கலிவர் வேறு.

பெரியவர்களுக்கான பட்டியலும் வெளியிடுவதாக இருந்தால், தயவுசெய்து இந்த நாவலை அதிலும் சேருங்கள். நான்கு பாகங்களும் உள்ள முழுப் பதிப்பாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
வாசகர், திருநெல்வேலி