மேல்பாத்தியில் பன்னிரண்டு கேரட்

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை. பூம்பாறையில் நாலு நாளாகச் சாரலும் மூடுபனியும்தான். எதிர்வீட்டு ஓடுகூடத் தெரியவில்லை.

பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை பேசும்போது பெரியவன் பாதியிலேயே போனை வைத்துவிட்டான். ஏதாவது வேலையாக இருந்திருப்பீர்கள். அதைக் கேட்பதற்காக எழுதவில்லை.

மே மாதம் நீங்கள் வந்துபோனதிலிருந்து தோட்டத்தில் எங்கே நின்றாலும் அவர்கள் செய்துவைத்தது ஏதாவது கண்ணில் படுகிறது. பூண்டு ஊன்றும்போது பல்லின் கூர்முனை மேலே இருக்க வேண்டும் என்று பெரியவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவன் ஒரு வரிசை முழுக்கத் தலைகீழாக ஊன்றிவிட்டு, "பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்குப் பூண்டு வேண்டாமா தாத்தா?" என்றான். அந்த வரிசையும் முளைத்துவிட்டது என்று அவனிடம் சொல். மண்ணுக்குள்ளேயே வளைந்து திரும்பி மேலே வந்திருக்கிறது. நம் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோதுகூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் இல்லை.

பாப்பா கொட்டுகிற மழையில் ஒரு கையில் குடை, ஒரு கையில் சொம்போடு பீன்ஸுக்குத் தண்ணீர் ஊற்றினாளே, நீ அப்போது உள்ளே இருந்தாய். "மழைதான் பெய்யுதே கண்ணு" என்றேன். "அது மழை ஊத்துறது, இது நான் ஊத்துறது" என்றாள். அம்மா இதை வருகிறவர்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள்.

துணியில் மண் பட்டால் துவைத்துக்கொள்ளலாம், தாயி. அதற்காகப் பிள்ளைகளை அதட்டாதே.

ரெண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேலைக்கும் போய் வருகிறாய். நம் தெருவில் உன்னைப்போல் யார் இருக்கிறார்கள்? அலுப்பில் கோபம் வரும், எனக்குத் தெரியும். ஆனால் பதினைந்து நாள் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஒன்பதாம் நாளே கிளம்பியிருக்க வேண்டாம். உனக்கென்று அம்மா எடுத்துவைத்த ப்ளம்ஸ் எல்லாம் குழைந்து போனது. சரி, போகட்டும். பிள்ளைகளை மட்டும் அதட்டாதே.

மேல்பாத்தி கேரட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். விதைத்து நூறு நாள் ஆகும், பொறுத்திரு என்று பெரியவனிடம் நான்தான் சொன்னேன். குறிஞ்சிக்கு 12 வருஷம், 2018-ல் பூத்தது இனி 2030-ல்தான் பூக்கும் என்றும் சொல்லிப் பார்த்தேன். அவனுக்கு நூறு நாளே மலைப்பாக இருந்திருக்கும். தினமும் காலையில் ரெண்டு மூன்று செடியைப் பிடுங்கி, எவ்வளவு பெரிதாகியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதே குழியில் வைத்து மண்ணைத் தட்டிக்கொடுத்திருக்கிறான். மொத்தம் 17 செடி. அன்றைக்குத்தான் நீ அவனை அடித்தாய். "தாத்தா எவ்வளவு பாடுபட்டு வளர்த்தது தெரியுமா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தாய்.

அது நான் உன்னிடம் சொன்ன வார்த்தை.

நீ ஒன்றாம் வகுப்புப் படித்தாய். இதே மேல்பாத்தி, இதே கேரட். விதைக்கு வாங்கிய கடன் அந்த வருஷம் கழுத்தை நெரித்தது. ஆனால் கடன் வாங்கியது நான், நீ இல்லை. பட்டாணிக் கொடிக்கு ஊன்றியிருந்த குச்சியை உருவி அடித்தேன். "திருப்பி நட்டுட்டேம்ப்பா" என்று அழுதாய். அதைக் கேட்ட பிறகும் அடித்தேன். நீ தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாய். இருட்டியும் நான் வந்து கூப்பிடவில்லை. அம்மாதான் தூக்கிவந்தாள். ராத்திரி உனக்குக் காய்ச்சல். அதற்கப்புறம் நீ தோட்டத்துக்குள் காலே வைக்கவில்லை. என் மகள் எந்நேரமும் புத்தகமும் கையுமாக இருக்கிறாள் என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பெரியவனும் அன்று அதே தொட்டிக்குப் பின்னால்தான் போய் உட்கார்ந்தான். அந்த இடத்தை யாரும் அவனுக்குக் காட்டிக்கொடுக்கவில்லை.

அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. சுத்தமாக இருந்த மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே நின்றேன். ஞாயிற்றுக்கிழமை போனில் உன் சத்தமும் கேட்டது, அவன் அழுததும் கேட்டது. அதிலிருந்து தூக்கம் இல்லை. உன்னை அடித்தது தப்பு, தாயி. அப்பாவை மன்னித்துக்கொள்.

அந்த 17 செடியில் அஞ்சு வாடிவிட்டது. 12 பிழைத்திருக்கிறது. பிடுங்கி நட்ட கேரட் நேராக இறங்காது, கவட்டைபோல ரெண்டாகப் பிரியும். கால் முளைத்த மாதிரி இருக்கும், அவனுக்குப் பிடிக்கும். இன்னும் மூன்று வாரத்தில் பறிக்கலாம். மற்ற பாத்தியெல்லாம் பறித்தாலும் அதை நான் தொட மாட்டேன். ஒரு சனி ஞாயிறு மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கிறேன்.

பாப்பாவின் குடை இங்கேதான் இருக்கிறது. கிளம்புகிற அன்று முட்டைக்கோஸ் நனையுமே என்று அதன்மேல் விரித்துவைத்துவிட்டுப் போய்விட்டாள். அம்மா துடைத்து மடித்து வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா