பல் கிளினிக்கின் பின்னறையையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பல் மருத்துவத்தில் வந்திருக்கும் புதுக் கருவிகளைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைக் கிளினிக்கில் உட்கார்ந்தே படித்து முடித்தேன். எழுதியிருப்பதெல்லாம் உண்மைதான். அளவெடுக்க வாய் நிறைய மாவை அப்பி, குமட்டக் குமட்ட உட்கார வைத்த வேலையை இன்று ஸ்கேனர் செய்துவிடுகிறது. ஃபிலிமைக் கழுவிக் காயவைத்துப் பார்த்த எக்ஸ்ரே, ஆர்.வி.ஜி. என்கிற டிஜிட்டல் எக்ஸ்ரே கருவியில் சில நொடியில் திரைக்கு வந்துவிடுகிறது. கதிர்வீச்சும் முன்பைவிடக் குறைவு. குடியாத்தம் பக்கம் ஒரு பல் கிளினிக்கில் 19 வருடமாக உதவியாளராக இருக்கிறேன். இந்த மாற்றங்களைக் கண்ணால் பார்த்தவள் என்பதால் எனக்கும் அதில் சந்தோஷம்தான்.

ஆனால் கட்டுரை முன்னறையைத் தாண்டவே இல்லை. நோயாளிக்குத் தொற்று வராமல் காப்பது பின்னறையில், சிங்க்குக்கும், அழுத்த நீராவியில் கருவிகளின் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவுக்கும் நடுவில் நடக்கிற வேலை. அதைப் பற்றி ஒரு பத்திகூட இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

வாணியம்பாடி எங்களுக்கு அதிக தூரமில்லை. 2022 ஜூலையிலிருந்து 2023 ஏப்ரல் வரை இந்தப் பக்கத்து மாவட்டங்களில் 21 பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்ற நோய் வந்தது. மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிற கிருமி அது. அவர்களில் 10 பேர் வாணியம்பாடியில் ஒரே பல் கிளினிக்கில் சிகிச்சை எடுத்தவர்கள். அந்த 10 பேரில் 8 பேர் இறந்துபோனார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.), வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை, மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை ஆகியவற்றின் ஆய்வாளர்கள் விசாரித்து எழுதிய அறிக்கை 2025-ல் லான்செட் குழும மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர்கள் சுட்டிக்காட்டியது ஒரு சலைன் பாட்டிலை. ஈறை விலக்குகிற பெரியோஸ்டியல் எலிவேட்டரால் பாட்டிலைத் திறந்திருக்கிறார்கள். பிறகு பஞ்சை வைத்து லேசாக அடைத்து, அதையே அடுத்தடுத்து வந்தவர்களுக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். பல் எடுத்த குழியைக் கழுவ ஊற்றுகிற உப்புநீர், அவ்வளவுதான்.

தூக்கம் வராததற்குக் காரணம், அந்தப் பாட்டில் எனக்குத் தெரிந்த பாட்டில். நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த இடத்திலும் அரை லிட்டர் சலைன் பாட்டில் ஒன்று மேஜை ஓரத்தில் இருக்கும். ரப்பர் மூடியில் ஒரு ஊசி குத்தியபடியே நிற்கும். தேவைப்படும்போதெல்லாம் அதில் சிரிஞ்சை மாட்டி உறிஞ்சிக்கொள்ள வேண்டும். பாட்டில் தீர இரண்டு மூன்று நாளாகும். இது தப்பு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிளஸ் டூ முடித்த கையோடு வேலைக்கு வந்தேன். முதல் நாள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது டோக்கன் போடுவதும் துடைப்பதும்தான். கருவிகளைக் கொதிநீர் பாய்லரில் போட்டு எடுப்போம். பல்லைக் குடைகிற ஹேண்ட்பீஸை ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடை. கொதிநீர் 100 டிகிரிதான், சில கிருமிகளின் வித்துகள் அதில் சாகாது, அதற்குத்தான் அழுத்தத்தோடு 121 டிகிரி நீராவி வேண்டும் என்பதெல்லாம், இப்போது இருக்கிற டாக்டரிடம் வந்த பிறகு தெரிந்துகொண்டது. அந்த நாட்களில் என் கையால் கருவி எடுத்துக் கொடுத்த முகங்கள் இன்னும் நினைவுக்கு வருகின்றன.

அந்த ஹேண்ட்பீஸ் நிமிடத்துக்கு லட்சக்கணக்கான சுற்று சுற்றும். அது நிற்கிற கணத்தில் வாயிலிருக்கும் எச்சிலும் ரத்தமும் கொஞ்சம் உள்ளே இழுபடும். வெளியே எவ்வளவு துடைத்தாலும் உள்ளே போனது போகாது. ஒவ்வொருவருக்கும் ஆட்டோகிளேவ் செய்த தனி ஹேண்ட்பீஸ் வேண்டும் என்று சொல்வது அதனால்தான். அதற்குத் தண்ணீர் வருகிற மெல்லிய குழாயிலும் நீர் தேங்கினால் உள்சுவரில் பாசி மாதிரி கிருமிப் படலம் படியும். அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரத்தில் 2016-ல், பால்பல்லுக்குச் சிகிச்சை எடுத்த பல குழந்தைகளுக்கு இப்படிப்பட்ட தண்ணீரால் தொற்று வந்து, தாடை எலும்புவரை போயிருக்கிறது. பெரிய நாடு, நவீன கிளினிக் என்பதெல்லாம் அங்கே உதவவில்லை.

சரி, விஷயம் தெரிந்தும் ஏன் தப்பு நடக்கிறது? பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் இல்லை. எங்கள் மாதிரி ஊர்களில் கூட்டம் மாலை ஆறு மணிக்கு மேல்தான். மூன்று மணி நேரத்தில் 15 பேர் வருகிறார்கள், கிளினிக்கில் இருப்பது 6 செட் கருவி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு செட்டைத் தேய்த்துக் கழுவி, துடைத்து, பவுச் என்கிற காகித உறையில் போட்டு ஒட்டி, ஆட்டோகிளேவ் சூடேறி, நின்று, காய்ந்து வெளியே வர ஏறக்குறைய ஒரு மணி நேரம். நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. ஏழே காலுக்கு ஆறு செட்டும் தீர்ந்துவிடும், வெளியே இன்னும் எட்டுப் பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். “சீக்கிரம் எடும்மா” என்ற குரல் வரும். அந்த நேரத்தில்தான் பவுச் முழுதாகக் காயாமல் வெளியே வரும், ஸ்பிரிட் பஞ்சு மறுபடி கைக்கு வரும். ஈரமான பவுச் ஸ்டெரைல் இல்லை, அதாவது கிருமியற்றது இல்லை. ஈரக் காகிதம் வழியாகக் கிருமி உள்ளே ஊறிவிடும். எங்கள் டாக்டர் ஸ்கேனர் வாங்குவதைத் தள்ளிப்போட்டு, அந்தப் பணத்தில் இன்னும் 14 செட்டும் 5 ஹேண்ட்பீஸும் வாங்கினார். எந்த நோயாளிக்கும் அது கண்ணில் படவில்லை. எனக்கு அதைவிடப் பெரிய நவீன வசதி எதுவும் தெரியாது.

மரத்துப்போகப் போடுகிற மருந்தையும் சொல்ல வேண்டும். பல இடங்களில் 30 மில்லி பாட்டிலாகத்தான் வாங்குகிறார்கள். போட்டும் வலிக்கிறது என்று நோயாளி சொன்னால், வாயில் போன அதே ஊசியால் அவசரத்தில் பாட்டிலிலிருந்து மறுபடி உறிஞ்சினால், அந்தப் பாட்டில் முழுக்கக் கெட்டது. புது சிரிஞ்ச் சில ரூபாய்தான். ஒருவருக்கு ஒன்று என்று வருகிற 1.8 மில்லி கார்ட்ரிட்ஜ் என்றால் இந்தப் பிரச்சினையே இல்லை.

புதுக் கருவிகளும் புது வேலையைக் கொண்டுவருகின்றன, கட்டுரை தொடாத இன்னொன்று இது. ஆர்.வி.ஜி. சென்சாரை ஆட்டோகிளேவில் வைக்க முடியாது, ஆளுக்கொரு பிளாஸ்டிக் உறை போட்டு, கழற்றித் துடைக்க வேண்டும். ஸ்கேனர் முனையையும் ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் கம்ப்யூட்டர் மவுஸ். வாயில் வேலை செய்த கிளவுஸோடு படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க மவுஸைத் தொடுவது ஒரு நொடிப் பழக்கம். அடுத்த நோயாளிக்குப் புதுக் கிளவுஸ் போட்டுக்கொண்டு முதலில் தொடுவதும் அதே மவுஸைத்தான். நாங்கள் மவுஸுக்கும் விளக்கின் கைப்பிடிக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றி, ஒவ்வொருவருக்கும் மாற்றுகிறோம். மாற்ற அரை நிமிடம்கூட ஆகாது.

அரசிடம் கேட்பது இதுதான். தமிழ்நாட்டில் கிளினிக்குகளைப் பதிவு செய்ய 1997-லேயே சட்டம் இருக்கிறது. ஆய்வுக்கு வருகிற அதிகாரிகள் சுவரில் மாட்டிய சான்றிதழோடு நிறுத்தாமல், திறந்திருக்கும் சலைன் பாட்டிலில் தேதியும் நேரமும் எழுதியிருக்கிறதா, செட்டுகள் எத்தனை, ஆட்டோகிளேவ் பதிவேடு எங்கே என்று பார்க்கட்டும். என்னைப் போல நேரடியாக வேலைக்கு வருகிற பெண்களுக்கு மாவட்டத் தலைநகரத்திலாவது ஒரு வாரப் பயிற்சி கொடுக்கட்டும், மஞ்சள் காமாலை ‘பி’ தடுப்பூசி மூன்று தவணையும் போடட்டும்.

நோயாளிகளும் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். போன மாதம் ஒரு பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்ததும், “ஏம்மா, இது எனக்கு முன்னாடி யாருக்குப் போட்டது?” என்றார். கூட வந்த மகள், “சும்மா இருங்கப்பா” என்று அடக்கினாள். நான் ஒட்டியிருந்த பவுச்சை அவர் கையிலேயே கொடுத்தேன். ஓரத்திலிருக்கும் கட்டம் நீராவி பட்டதும் நிறம் மாறியிருப்பதைக் காட்டி, “தாத்தா, நீங்களே பிரிங்க” என்றேன். விரல் நடுங்க மெதுவாகப் பிரித்து, உள்ளே இருந்த கண்ணாடியையும், பல்லைத் தொட்டுப் பார்க்கிற கம்பியான புரோபையும் எட்டிப் பார்த்துவிட்டு, வாயைத் திறந்தார். அன்றிலிருந்து யாருக்கு வேலை தொடங்கினாலும் அவர்கள் கண்முன்னால்தான் பவுச்சைப் பிரிக்கிறேன்.

இந்தக் கட்டுரைக்கு அடுத்த பகுதி வருவதாக இருந்தால், ஸ்கேனரைப் படம் எடுத்த உங்கள் புகைப்படக்காரரை ஏதாவது ஒரு கிளினிக்கின் பின்னறைக்கு அனுப்புங்கள். காலையில் வேண்டாம், மாலை ஏழே காலுக்கு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பல் கிளினிக் உதவியாளர் ஒருவர்,
குடியாத்தம்